வீட்டு பைலுக்குக் கை ஆகரா, ரிக்கா?

ஓமலூர் போகும் வழியில் எங்கள் மனை. மேலே நல்ல கரிசல். மழைக்கு ஊதும், கோடைக்கு வெடிக்கும். சாதாரணக் கால் குழி போட்டால் சுவர் விரிசல் விடும் என்று எஞ்சினியர் சொன்னதால் பைல், அதாவது ஆழக் குழியில் கம்பியும் கான்கிரீட்டும் போட்டு எழுப்பும் தூண், என்று முடிவானது. அப்புறம் எழுந்த கேள்வி, குழியைக் கை ஆகரால் (ஆள் சுற்றும் மண் துளைப்பான்) போடுவதா, லாரியில் ரிக் (துளை இயந்திரம்) கொண்டுவருவதா என்பது. நாங்கள் போட்டது கை ஆகர், அடியில் புல்ப், அதாவது குமிழ்போல் அகன்ற பகுதி, வைத்த அண்டர்ரீம் பைல். இன்னொரு வீடு கட்டினாலும் அதையேதான் போடுவேன்.

ரிக் வேகமானது, ஆள் குறைவு, ஆழமும் அதிகம் போகும். அதில் வாதமில்லை. குறுகிய தெருவில் வண்டி திரும்புமா, வாடகை கட்டுமா என்பதை அவரவர் இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு முடிவைச் சொன்னது குழியின் அடிதான்.

பைல் அடியில் ஒரு சாண் தளர்ந்த மண் கிடந்தால், அதன் மேல் எவ்வளவு நல்ல கான்கிரீட் ஊற்றினாலும் பாரம் ஏறும்போது அந்த மண் அமுங்கும், பைலும் இறங்கும். அந்த அடியை ஆளே நேரில் பார்த்த காலமும் உண்டு. 1890களில் சிகாகோவின் இளகிய களிமண்ணில் ஆட்களே குழிக்குள் இறங்கித் தோண்டினார்கள். பக்கச் சுவருக்குப் பலகை, உள்ளே இரும்பு வளையம். 1893-94இல் எழுந்த பங்குச்சந்தைக் கட்டடத்தின் மேற்குச் சுவருக்கு எஞ்சினியர் வில்லியம் சூய் ஸ்மித் இந்த முறையைத்தான் சொன்னார். ஒட்டி இருந்த செய்தித்தாள் அலுவலகத்தின் அச்சு இயந்திரங்கள், பைலை மண்ணில் அடித்து இறக்கும் அதிர்ச்சியைத் தாங்காது என்பதே காரணம். தோண்டியவன் அடியில் நின்று கெட்டி மண்ணைக் கையால் தொட்டுப் பார்க்க முடிந்தது. ஆனால் மண் சரிவு, கெட்ட காற்று என்று உயிருக்கே ஆபத்து, அது போனது நல்லதுதான். 1931இல் டல்லாஸில் ஹியூ வில்லியம்ஸ் லாரி மேல் ஏற்றிய சிறு துளை இயந்திரங்களைச் செய்தார். வேகம் கூடியது, அடி கண்ணிலிருந்து மறைந்தது.

நம் நாட்டில் ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் 1950களில் கரிசல் மண்ணுக்கென்று அண்டர்ரீம் பைலை உருவாக்கியது. தண்டைவிடச் சுமார் இரண்டரை மடங்கு அகலமான புல்ப், மண் ஊதிச் சுருங்கும் ஆழத்துக்குக் கீழே உட்காரும். நூல் நுனியில் போட்ட முடிச்சுபோல, மேல் மண் பைலைத் தூக்கப் பார்த்தாலும் அது விடாது. இதற்கு முக்காலி, ஆகர், விரியும் கத்தியும் வாளியும் கொண்ட அண்டர்ரீமர், சுற்ற நாலு ஆள் போதும்.

கையால் சுற்றும்போது வாளி மேலே வரும் ஒவ்வொரு தடவையும் என்ன மண் என்று கண்ணால் பார்க்கலாம். புல்ப் வெட்டி முடித்ததும் எடை கட்டிய டேப்பை விட்டு அளந்து எழுதிவைத்தோம். கம்பிக்கூடு இறக்கும் முன் மறுபடி அளந்தோம். அளவு குறைந்தால் மண் சரிந்திருக்கிறது, வாளியை மறுபடி இறக்கு என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டோம். அவரும் முகம் சுளிக்கவில்லை. ரிக்கிலும் அடி வழிக்கும் வாளி உண்டு, பெரிய பால வேலைகளில் ஒழுங்காகவே செய்கிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் வண்டிக்கு அடுத்த சைட் காத்திருக்கும். நமக்காக நின்று இரண்டாம் தடவை வழிக்கும் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

இதெல்லாம் தண்ணீர் ஊறாத களிமண்ணுக்கு. குழியில் நீர் சுரந்தால் குழி சரியாமல் தாங்கும் பெண்டோனைட் களிமண் கரைசல், நீருக்கடியில் கான்கிரீட் இறக்கும் ட்ரெமி குழாய் என்று வேலையே வேறாகிவிடும், அதை நான் செய்து பார்த்ததில்லை. ஏற்காட்டுச் சரிவிலும் எனக்குப் பழக்கமில்லை. அங்கே மண்ணுக்குள் கிடக்கும் உருண்டைப் பாறையில் கை ஆகர் நின்றுவிடும், ரிக் தேவைப்படலாம். மண் பரிசோதனை இல்லாமல் இரண்டில் எதையும் பேசாதீர்கள்.

எதைப் போட்டாலும் கரிசலில், பைல்களின் தலையை இணைத்துச் சுவரைத் தாங்கும் பிளிந்த் பீமைத் தரையோடு ஒட்டவைக்க விடாதீர்கள். அடியில் சுமார் 8 செ.மீ. இடைவெளி வேண்டும், இல்லையென்றால் ஊதும் மண் பீமையே தூக்கும். அந்த இடைவெளியில் ஜல்லியும் மண்ணும் போய் அடைத்திருந்தால் தளம் போடும் முன் நீங்களே நின்று எடுக்கச் சொல்லுங்கள்.