நகராட்சிப் பள்ளிக்கு நான்கு வகுப்பறை: யார் பணத்தில் கட்டுவது?

ஒரு நகராட்சி நடுநிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தபின், தமிழ்நாடு முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்களே, அப்போது இதன் ஓட்டுக் கட்டடமும் போனது. இடிக்க ஓர் உத்தரவு போதும். கட்டுவதற்கு நான்கு வகுப்பறை, கழிப்பறை எல்லாம் சேர்த்து ஒரு கோடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்கு வசதியாக நான் போட்டுக்கொண்ட தொகைதான் இது. மன்றக் கூட்டத்தில் தீர்மானம் போட்டாயிற்று. பணத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

முதலில் சொந்தப் பெட்டி. நகராட்சி பட்ஜெட் புத்தகத்தைப் புரட்டினால் மூன்று நிதிகள் தனித்தனியே இருக்கும்: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. அரையாண்டுக்கு ஒருமுறை நாம் கட்டும் சொத்து வரிக்குள் கல்வி வரியும் ஒரு பங்காக ஒளிந்திருக்கிறது. மூன்றாவது பெட்டிக்குப் போவது அதுதான். கட்டுகிற பலருக்கே இது தெரியாது. சிறிய ஊரில் பெரிய தொகை சேராது. ஒரு கோடியை ஒரே ஆண்டில் எடுத்தால் பெட்டி காலி. ஆனால் இந்தப் பணத்துக்கு வேறு எந்தப் பணத்துக்கும் இல்லாத ஒரு குணம் உண்டு: அடுத்த ஆண்டும் வரும். யார் ஆட்சியில் இருந்தாலும், எந்த ஆலை மூடினாலும் வரும்.

அடுத்தது தொகுதி மேம்பாட்டு நிதி. எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி. எம்.பி.யின் 5 கோடியை அவர் தொகுதிக்குள் வரும் 6 சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பிரித்தால், தலைக்கு 83 லட்சம்தான். நம் பள்ளிக்கே அது போதாது. எம்.எல்.ஏ. நிதியில் மூன்றில் ஒரு பங்கை ஒரே பள்ளிக்குக் கொடுத்துவிட்டால், மற்ற வார்டுகளுக்கும் ஊராட்சிகளுக்கும் அவர் என்ன பதில் சொல்வார்? ஆகவே நான்கு கேட்டால் ஒன்று கிடைக்கும். வேகம் உண்டு, மறுக்கவில்லை. மனசு வைத்தால் ஒரே ஆண்டில் கட்டடம் எழும்பிவிடும். ஆனால் நம்பிக்கொண்டு திட்டம் போட முடியாது. 2020 ஏப்ரலில் கொரோனாவைக் காட்டி எம்.பி. நிதியை ஒன்றிய அரசு நிறுத்தியது. 2021 நவம்பரில்தான் மறுபடி திறந்தது.

‘நமக்கு நாமே’தான் இந்த அலசலில் எனக்கு மிகவும் பிடித்ததும், மிகவும் உறுத்துவதும். 1997-ல் தொடங்கியது, 2011-க்குப் பின் ‘தன்னிறைவுத் திட்டம்’ என்று பெயர் மாறியது, 2021-ல் பழைய பெயரோடு திரும்பியது. மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். இந்த மண்ணுக்கு இது புதிதும் அல்ல. காமராஜர் காலத்தில், 1958 வாக்கில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் நிலமும் பெஞ்சும் பணமுமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

உறுத்துவது இதுதான். நம் பள்ளிக்கு 33 லட்சத்துச் சொச்சம் ஊரில் திரள வேண்டும். திருப்பூரிலும் சிவகாசியிலும் நாலு முதலாளிகள் டீ குடிக்கும் நேரத்தில் அது திரண்டுவிடும். தொழில் ஏதுமில்லாத ஒரு நகராட்சியில், பீடி சுற்றும் அம்மாக்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு யார் போடுவார்கள்? ஊர் பங்கு போடாவிட்டால் அரசின் 67 லட்சமும் வராது. பணமிருக்கிற ஊரைத் தேடித்தான் அரசுப் பணமும் போகிறது.

அரசுப் பள்ளிகளுக்குக் கம்பெனிகளிடமும் தனியாரிடமும் நன்கொடை திரட்ட 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’க்கும் இதே கோளாறு உண்டு. பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிற 2013 கம்பெனிச் சட்டமே, தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது. ஒரகடத்துக்கும் ஓசூருக்கும் நல்லது. கொடுப்பவர் பள்ளியையும் பொருளையும் தேர்ந்தெடுக்கலாம். திரை, மேசை, வண்ணப்பூச்சு எல்லாம் படத்தில் அழகாக விழும். செப்டிக் டேங்க் விழுமா?

மாநில அரசின் வரிசையில் நிற்பது இன்னொரு வழி. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் 5 ஆண்டுகளில் 18,000 வகுப்பறைகள் என்று அறிவித்தது. வரிசை நீளம், அவ்வளவுதான். ஒன்றிய நிதியை நம்பினால் என்ன ஆகும் என்பதை 2024-25-ல் பார்த்தோம். ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்று, பள்ளிக் கல்விக்கு ஒன்றியம் தரும் சமக்ர சிக்ஷா பணம் 2,152 கோடி நின்றுபோனது.

கடைசியாகக் கடன். டுஃபிட்கோ என்கிற தமிழ்நாடு நகர்ப்புற நிதி மற்றும் உள்கட்டமைப்பு மேம்பாட்டுக் கழகம், தமிழ்நாடு நகர்ப்புற மேம்பாட்டு நிதியம் எல்லாம் நகராட்சிகளுக்குக் கடன் தருபவைதான். 2002-ல் 13 நகராட்சிகளும் பேரூராட்சிகளும் சேர்ந்து 30.41 கோடிக்குக் கூட்டாகக் கடன் பத்திரம் வெளியிட்டன. குடிநீர், கழிவுநீர் வேலைக்கு அது சரி. கட்டணம் வரும், தவணை அடையும். பேருந்து நிலையத்துக்கும் தினசரி மார்க்கெட்டுக்கும் கடை வாடகை உண்டு. வகுப்பறை வாடகை தருமா? சென்னையில் 28 மாநகராட்சிப் பள்ளிகளைச் சுமார் 95 கோடியில் பிரெஞ்சுக் கடன் உதவியோடு மேம்படுத்தினார்கள். ஆனால் அந்தக் கடனாளி ஒன்றிய அரசு. மாநகராட்சிக்கு அது மானியமாகவே வந்தது. அந்த யோகம் எல்லா ஊருக்கும் அடிக்காது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். சொத்து வரி வசூலை ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக்கூடாது என்று 1980-ல் மக்களே வாக்களித்துப் பூட்டுப் போட்டார்கள். புதுப் பள்ளி வேண்டுமென்றால், அந்தக் கடன் அடையும்வரை மட்டும் கூடுதல் வரி கட்டச் சம்மதமா என்று ஊரிடம் மறுபடி வாக்குக் கேட்க வேண்டும். பல ஊர்களில் தோற்றும் போகிறது. இங்கே 2022-ல் வீடுகளின் சொத்து வரி, அளவைப் பொறுத்து, 25 முதல் 100 விழுக்காடு வரை உயர்ந்தது. சென்னையின் பழைய பகுதியில் 150 வரை. வார்டில் எத்தனை வகுப்பறை வரும் என்று சொல்லிக் கேட்டிருந்தால் இவ்வளவு வசவு விழுந்திருக்காது என்பது என் எண்ணம்.

நான் அந்த மன்றத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வேன்? மார்க்கெட்டையும் பேருந்து நிலையத்தையும் கடனுக்குத் தள்ளிவிடுவேன். பள்ளியின் இரண்டு அறைக்கு எம்.எல்.ஏ.விடம் போவேன். மற்ற இரண்டுக்கு ‘நமக்கு நாமே’. ஊர்ப் பங்கில் குறைவதை, விதி இடம் கொடுத்தால், கல்வி நிதியிலிருந்து நிரப்பப் பார்ப்பேன். அதற்குமேல் கல்வி நிதியை ஒரு செங்கல்லுக்கும் தொடவிட மாட்டேன்; அது பராமரிப்புக்கு.

ஏனென்றால் நான் படித்த நகராட்சிப் பள்ளியில் மூன்று கல்வெட்டுகள் இருக்கின்றன, மூன்று கட்சிக்காரர்களுடையவை. மூன்றாவது கல்வெட்டு பதித்த அறையில் ஐப்பசி அடைமழைக்கு வாளி வைக்கிறார்கள். ஒழுகாமல் இருக்க மேல்தளத்தில் ஓடு பதிக்கக் கேட்டால், ‘அந்த நிதியில் அதற்கு இடமில்லை’ என்கிறார்கள்.