வெளியே உலகம் இல்லாத ஆட்டம்: ஆஸ்திரேலியாவின் நான்கு கால்பந்துகள்

2024 செப்டம்பர் 28 அன்று, மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஒரு லட்சம் பேர் பார்த்திருக்க, சிட்னி ஸ்வான்ஸ் அணி பிரிஸ்பேன் லயன்ஸிடம் 60 புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றது. எட்டு நாள் கழித்து, அக்டோபர் 6 அன்று, சிட்னியின் ஒலிம்பிக் அரங்கில் மெல்பர்ன் ஸ்டார்ம் அணி பென்ரித் பாந்தர்ஸிடம் 14-6 என்ற கணக்கில் தோற்றது. முன்னது ஏ.எஃப்.எல். என்னும் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஆட்டத்தின் இறுதிப் போட்டி, பின்னது என்.ஆர்.எல். என்னும் ரக்பி லீகின் இறுதிப் போட்டி. சிட்னியின் அணி மெல்பர்ன்காரர்களின் ஆட்டத்திலும், மெல்பர்னின் அணி சிட்னிக்காரர்களின் ஆட்டத்திலும் கடைசிப் படிவரை ஏறியது அந்த ஆண்டின் வேடிக்கை. இரண்டு ஊர்களிலும் தத்தம் ஆட்டத்தை ‘ஃபூட்டி’ என்றே அழைக்கிறார்கள் என்பதால், ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் எந்த ஊரில் வளர்ந்தவர் என்று கேட்ட பிறகே பொருள் விளங்கும்.

இவ்விரண்டோடு ரக்பி யூனியனையும், மற்ற நாடுகள் கால்பந்து என்று சொல்லும் சாக்கரையும் சேர்த்தால், இரண்டே முக்கால் கோடி மக்கள் உள்ள ஒரு நாட்டில் நான்கு தொழில்முறைப் பந்தாட்டங்கள் ஒரே விளையாட்டு வீரர்களுக்காகவும், ஒரே தொலைக்காட்சி நேரத்துக்காகவும், ஒரே மைதானங்களுக்காகவும் போட்டியிடுகின்றன. இவற்றில் எது அழகான ஆட்டம் என்ற வாதத்துக்கு முடிவே கிடையாது என்பதால் அதற்குள் நான் போகவில்லை. எனக்கு உறுத்தலாக இருக்கும் கேள்வி வேறு. உலகெங்கும் ஆடப்படும் சாக்கரின் உள்ளூர் லீக் ஏழையாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு வெளியே தொழில்முறையில் எங்குமே ஆடப்படாத ஏ.எஃப்.எல். பெரும் பணக்காரராக இருக்கிறது. இந்த முரணை வைத்துப் பார்த்தால்தான் நான்கும் தெளிவாகப் பிரிகின்றன.

ஆஸ்திரேலியன் ரூல்ஸின் முதல் சொத்து அதன் மைதானம். கிரிக்கெட் வீரர் டாம் வில்ஸ், குளிர்காலத்தில் உடல் தளராமலிருக்க ஒரு கால்பந்துச் சங்கம் வேண்டும் என்று 1858இல் மெல்பர்ன் பத்திரிகையொன்றில் கடிதம் எழுதினார். 1859 மே 17 அன்று முதல் விதிகள் எழுதப்பட்டன. ஆஃப்சைடு கிடையாது, பக்கத்துக்கு 18 பேர், நான்கு கம்பங்கள், நடுவில் உதைத்தால் 6 புள்ளி, ஓரத்தில் போனால் 1 புள்ளி என்று இன்று நாம் பார்க்கும் உருவம் படிப்படியாக வந்தது. ஆனால் முட்டை வடிவக் கிரிக்கெட் மைதானத்தில் ஆடும் பழக்கம் நிலைத்துவிட்டதால், கோடையில் கிரிக்கெட்டும் குளிர்காலத்தில் இந்த ஆட்டமும் ஒரே பார்வையாளர் மாடத்தின் செலவைப் பங்கிட்டுக்கொள்ள முடிந்தது. செவ்வகத் திடல் தேவைப்படும் மற்ற மூன்றுக்கும் இந்த வசதி வாய்க்கவில்லை. மெல்பர்னில் அவற்றுக்கென 30,000 பேர் அமரும் நவீன அரங்கம் ஒன்று 2010இல்தான் திறக்கப்பட்டது.

நிலப்பரப்பும் அப்படியே பிரிந்தது. விக்டோரியா, தென் ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, தாஸ்மேனியா ஆகியவை ரூல்ஸின் பக்கம். நியூ சவுத் வேல்ஸின் பெரும்பகுதியும் குயின்ஸ்லாந்தும் ரக்பியின் பக்கம். வரலாற்றாசிரியர் இயன் டர்னர் 1978இல் தம் உரையொன்றில் இந்தப் பிரிவுக்கு ‘பாராசி கோடு’ என்று பெயரிட்டார். மெல்பர்னின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ரான் பாராசியின் பெயர் அது. அதே பாராசி 1993இல் கோட்டைத் தாண்டிப் போய் சிட்னி ஸ்வான்ஸின் பயிற்சியாளராக மூன்று பருவம் பணியாற்றினார் என்பதைக் கோட்டுக்குப் பெயர் வைத்தவர் எதிர்பார்த்திருக்க முடியாது.

கோட்டுக்கு வடக்கே நடந்த சண்டை வேறு வகையானது. அது கூலியைப் பற்றியது. இங்கிலாந்தின் வடக்குத் தொழில் நகரங்களில், வேலையை விட்டுவிட்டு ஆட வரும் தொழிலாளிக்கு இழந்த கூலியைத் தரக்கூடாது என்று ரக்பி நிர்வாகம் பிடிவாதம் பிடித்ததால் 1895இல் ஒரு பிரிவு வெளியேறியது. 1907இல் அதே கதை சிட்னிக்கு வந்தது. நியூசிலாந்து அணியுடனான ஆட்டத்துக்குக் கூட்டம் திரண்டு வசூல் குவிந்தபோதும், காயம்பட்ட ஆட்டக்காரர்களின் செலவை யூனியன் ஏற்கவில்லை என்ற கோபம் முற்றியது. கிரிக்கெட் மேதை விக்டர் ட்ரம்பரும் பங்கேற்ற கூட்டங்களின் வழியே ரக்பி லீக் பிறந்து, 1908இல் முதல் பருவம் நடந்தது. யூனியனின் நட்சத்திரமான டாலி மெசெஞ்சர் கட்சி மாறியதும் கூட்டமும் மாறியது. முதல் உலகப் போரின்போது யூனியன் தேசக் கடமை என்று போட்டிகளை நிறுத்தியது, லீக் தொடர்ந்து ஆடியது. அதன் விளைவாகக் குயின்ஸ்லாந்தில் யூனியன் 1920களின் இறுதிவரை தலையெடுக்கவே இல்லை.

கூலி கொடுக்க வேண்டுமானால் நுழைவுச்சீட்டு விற்க வேண்டும். சீட்டு விற்க வேண்டுமானால் ஆட்டம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். லீக் இரண்டு ஆட்டக்காரர்களைக் குறைத்து 13 ஆக்கியதும், விழுந்தவர் மேல் விழுந்து பந்துக்காக மல்லுக்கட்டுவதை நீக்கியதும் இதனால்தான். இன்று தாக்கும் அணி ஆறு முறை மடக்கப்படும்வரை பந்தை வைத்திருக்கலாம், பிறகு விட்டுக்கொடுக்க வேண்டும். கபடி பார்த்துப் பழகிய கண்ணுக்கு நான்கிலும் விரைவில் பிடிபடுவது இதுவே என்பது என் எண்ணம். யூனியனில் 15 பேர் ஒவ்வொரு வீழ்த்தலுக்குப் பின்னும் பந்துக்காகச் சண்டையிடுகிறார்கள். நடுவர் எதற்காக ஊதினார் என்பது நெடுநாள் ரசிகருக்கே பல சமயம் விளங்காது. அதன் விசுவாசிகள் அந்தச் சிக்கலையே அதன் ஆழம் என்பார்கள். தனியார் பள்ளிகளில் வளர்ந்த ஆட்டம் என்ற முத்திரையும் அதனோடு ஒட்டியே இருக்கிறது.

லீகின் வளத்துக்கு இன்னொரு ஊற்றும் உண்டு. 1956இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு சூதாட்ட இயந்திரங்களைச் சட்டபூர்வமாக்கிய பிறகு, சிட்னி அணிகளின் மனமகிழ் மன்றங்கள் அவற்றின் வருவாயில் குயின்ஸ்லாந்தின் சிறந்த ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கின. வாங்கப்பட்டவர்கள் மாநிலப் போட்டியில் தம் சொந்த மண்ணுக்கு எதிராகவே ஆட நேர்ந்தது. இந்த அவமானத்துக்கு மருந்தாக 1980 ஜூலை 8 அன்று, எங்கே வசித்தாலும் தொடங்கிய மாநிலத்துக்கே ஆட வேண்டும் என்ற விதியுடன் ‘ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்’ பிரிஸ்பேனில் தொடங்கியது. ஆர்தர் பீட்சன் தலைமையில் குயின்ஸ்லாந்து வென்றது. உலகக் கோப்பை என்று ஒன்று இருந்தாலும் லீக் ரசிகரின் உச்சம் இந்த மாநில மோதல்தான். 2015இல் மெல்பர்னில் நடந்த ஆரிஜின் ஆட்டத்துக்கு 91,513 பேர் வந்தார்கள்; கோட்டுக்குத் தெற்கே விற்கக்கூடிய சரக்கு இது என்று அன்றே தெரிந்தது.

1995இல் ரூப்பர்ட் மர்டாக்கின் நிறுவனம் தன் கட்டணத் தொலைக்காட்சிக்காக ‘சூப்பர் லீக்’ என்ற போட்டி லீகைத் தொடங்க, போட்டித் தொலைக்காட்சி முதலாளி கெரி பேக்கர் பழைய நிர்வாகத்தின் பக்கம் நின்றார். ஆட்டக்காரர்களின் சம்பளம் ஒரே இரவில் பன்மடங்கானது; 1997இல் இரண்டு தனித்தனிப் போட்டிகள் நடந்தன; 1998இல் சமரசமாக என்.ஆர்.எல். பிறந்தது. அந்தச் சமரசத்தின் பலியாக 1908 முதல் ஆடிவந்த சவுத் சிட்னி அணி நீக்கப்பட்டு, தெருப் பேரணிகளும் நீதிமன்ற வழக்கும் கடந்து 2002இல் திரும்பியது. லீக் தங்கள் ஆட்டக்காரர்களை அள்ளிச் சென்றுவிடும் என்ற பயத்தில் யூனியனும் 1995 ஆகஸ்டில் நூறாண்டு அமெச்சூர் கொள்கையைக் கைவிட்டது. அதற்கான பணமும் மர்டாக்கிடமிருந்தே வந்தது: தென்னரைக்கோள நாடுகளுடன் பத்தாண்டுக்குச் சுமார் 55 கோடி அமெரிக்க டாலர் ஒப்பந்தம். 1991, 1999 உலகக் கோப்பைகளை வென்ற ஆஸ்திரேலிய யூனியன், தேசிய அணியின் புகழை நம்பியே வாழ்ந்ததால், அந்த அணி சரிந்ததும் தானும் சரிந்தது. 2023 உலகக் கோப்பையில் முதன்முறையாக முதல் சுற்றிலேயே வெளியேறியது. 2024 பருவத்தோடு மெல்பர்ன் ரெபல்ஸ் அணி மூடப்பட்டது.

இப்போது முரணுக்கு வருவோம். ஏ.எஃப்.எல். ஆட்டக்காரர் ஒருவர் அதிகச் சம்பளம் கேட்டு எங்கே போக முடியும்? வெளிநாட்டில் லீக் இல்லை, தேசிய அணி இல்லை, உலகக் கோப்பை இல்லை. சம்பள உச்சவரம்பும், கடைசியில் வந்த அணி புதிய ஆட்டக்காரர்களை முதலில் தேர்ந்தெடுக்கும் வரைவு முறையும் அங்கே கச்சிதமாகச் செயல்படுவதற்கு இதுவே காரணம். வேலியில் ஒரே ஓட்டை அமெரிக்கக் கால்பந்து. 1990களில் டேரன் பென்னட் சான் டியேகோவுக்குப் போய்த் தொலைதூரம் உதைப்பவராகப் பெயர் பெற்றதுபோல் சிலர் போகிறார்கள், அவ்வளவுதான். மறுபுறம் அயர்லாந்தின் கேலிக் கால்பந்து என்னும் ஒத்த ஆட்டத்தை ஆடியவர்கள் உள்ளே வருகிறார்கள். டப்ளினிலிருந்து வந்த ஜிம் ஸ்டைன்ஸ் 1991இல் லீகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பதக்கத்தையே வென்றார். எல்லாத் திறமையும் உள்ளேயே இருப்பதால் தொலைக்காட்சிக்கு விற்கக்கூடிய அனைத்தும் லீகின் கையிலேயே இருக்கிறது. 2025 முதல் ஏழு ஆண்டுகளுக்கு 450 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒப்பந்தம் 2022இல் கையெழுத்தானது. ஆண்டுக்குச் சுமார் 64 கோடி. சாக்கரின் ஏ-லீக் 2021இல் பெற்றதாகச் சொல்லப்பட்ட ஒப்பந்தமோ ஐந்தாண்டுக்கு ஏறத்தாழ 20 கோடி.

சாக்கர் ஆடுவோர் தொகையில் மற்ற மூன்றையும் விஞ்சி நிற்கிறது. ஞாயிறு காலையில் புறநகர்த் திடல்களில் பிள்ளைகளை இறக்கிவிடும் பெற்றோரைக் கேட்டாலே இது புரியும். ஆனால் அங்கே ஒளிரும் சிறுவன் ஏ-லீகுக்கு ஒரு படிக்கல்லாகவே வருகிறான். 2024இல் அடிலெய்ட் யுனைடெட்டின் நெஸ்டரி இரன்குண்டா பதினெட்டு வயதில் பேயர்ன் மியூனிக்குக்குப் போனதுபோலப் போய்விடுகிறான். அவன் ஆட்டத்தைப் பார்க்க விரும்பும் ரசிகரும் நள்ளிரவில் ஐரோப்பிய ஒளிபரப்புக்குப் போய்விடுகிறார்.

இதோடு ஓர் உள்காயமும் சேர்ந்தது. போருக்குப் பின் வந்த கிரேக்கர், குரோஷியர், இத்தாலியர், ஹங்கேரியர், யூதர் ஆகியோர் கட்டிய சங்கங்களே இந்த ஆட்டத்தைச் சுமந்தன. 1977இல் தொடங்கிய தேசிய லீக் அவர்களுடையது. ஆட்டக்காரர் மார்க் விடுகாவும் பயிற்சியாளர் ஆஞ்சே பொஸ்டெகொக்லூவும் அந்தச் சங்கங்களில் வளர்ந்தவர்கள். சாக்கர் நிர்வாகத்தை ஆராய்ந்த 2003ஆம் ஆண்டின் கிராஃபர்ட் அறிக்கைக்குப் பின், 2005இல் தொழிலதிபர் ஃபிராங்க் லோவியின் தலைமையில் எட்டு அணிகளோடு ஏ-லீக் தொடங்கியபோது, சவுத் மெல்பர்ன் போன்ற பழைய சங்கங்களுக்கு அதில் இடமில்லை. பெரும்பான்மைச் சமூகத்தை ஈர்க்க அது தேவைப்பட்டது என்ற வாதத்தை மறுப்பது எளிதல்ல. ஆனால் அரைநூற்றாண்டுப் பற்றைத் துறந்துவிட்டு, புதிதாக அச்சிட்ட சின்னத்துக்குப் பற்றை வளர்க்க முயன்றது பெரிய விலை என்றே எனக்குப் படுகிறது. ரூல்ஸில் இதற்கு நேர்மாறு: 1982இல் சவுத் மெல்பர்ன் ஸ்வான்ஸைச் சிட்னிக்கு இடம்பெயர்த்தபோதும், 1996இல் ஃபிட்ஸ்ராயைப் பிரிஸ்பேனோடு இணைத்தபோதும் பழைய ரசிகர்கள் அழுதார்கள், ஆனால் ஸ்வான்ஸின் சிவப்பு வெள்ளையும் ஃபிட்ஸ்ராயின் சிங்கமும் கூடவே போயின. ஸ்வான்ஸ் 2005இல் 72 ஆண்டுக்குப் பின் கோப்பை வென்றபோது, இரண்டு ஊர்களிலும் அது கொண்டாடப்பட்டது.

சாக்கரின் பலம் நாட்டின் பெயரில் ஆடும்போது மட்டும் வெளிப்படுகிறது. 2005 நவம்பர் 16 அன்று ஜான் அலோய்சியின் பெனால்டி உருகுவேயை வீழ்த்தி 32 ஆண்டுக்குப் பின் உலகக் கோப்பைக்கு வழி திறந்தது. 2023இல் மட்டில்டாஸ் என்னும் மகளிர் அணி இங்கிலாந்திடம் 3-1 என்று அரையிறுதியில் தோற்ற ஆட்டத்தை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். 2001இல் தற்போதைய கணக்கெடுப்பு தொடங்கியபின் அதுவே உச்சம். எந்த ஃபூட்டி இறுதிப் போட்டியும் எட்டாத கூட்டம் அது, மறுவாரம் கலைந்தும் போனது. 2022 ஆண்கள் உலகக் கோப்பையை நடத்த முயன்றபோது, பருவத்தின் நடுவில் மைதானங்களை விட்டுத் தருவது குறித்து ஏ.எஃப்.எல். பகிரங்கமாக மல்லுக்கு நின்றது. 4 கோடி டாலருக்கு மேல் அரசுப் பணம் செலவழித்த அந்த முயற்சிக்குக் கிடைத்தது ஒரே வாக்கு.

எதிராளியின் மண்ணில் வேரூன்றுவதில் இரு ஃபூட்டிகளின் வழிகளும் வேறு. மெல்பர்ன் ஸ்டார்ம் 1998இல் வந்து 1999இலேயே கோப்பை வென்றது. வெற்றிதான் அதன் விளம்பரம், உள்ளூர்ச் சிறுவர்கள் அதில் ஆடுவது இன்றும் குறைவு. ஏ.எஃப்.எல். 2012இல் மேற்குச் சிட்னியில் ஜயன்ட்ஸ் அணியை நிறுவியபோது, ஸ்டார்மில் பெயரெடுத்த இஸ்ரேல் ஃபொலாவைப் பெரும்பணம் கொடுத்துக் கூட்டிவந்தது. அவர் ஒரே பருவம் ஆடிவிட்டு 2013இல் யூனியனுக்குப் போனார். விளம்பரச் செலவு என்று பார்த்தால் வீணில்லை, ஆட்டக்காரராகப் பார்த்தால் வீண். மேற்குச் சிட்னியின் பசிபிக் தீவுக் குடும்பங்கள் லீகை விட்டு நகரவில்லை. என்.ஆர்.எல். ஆட்டக்காரர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அந்த வழிவந்தவர்கள். 2022 உலகக் கோப்பை இறுதிக்குச் சமோவா வந்ததே அதன் சாட்சி. பப்புவா நியூ கினி அணி 2028இல் சேரவிருக்கிறது, அதற்காக ஆஸ்திரேலிய அரசு பத்தாண்டில் 60 கோடி டாலர் தருகிறது. சீனாவின் செல்வாக்கை எதிர்கொள்ளும் வெளியுறவுச் செலவாகவே அது பார்க்கப்படுகிறது. வெளியே உலகமில்லாத ஏ.எஃப்.எல். ஒருநாளும் இப்படியொரு காசோலையைப் பெற முடியாது.

அதே 2028இல் ஏ.எஃப்.எல். 19ஆவது அணியாகத் தாஸ்மேனியாவைச் சேர்க்கிறது. ஹோபார்ட்டில் கூரையிட்ட புதிய அரங்கம் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. ஐந்தரை லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள் உள்ள மாநிலத்தின் அரசியலையே அது புரட்டிப்போட்டிருக்கிறது. யூனியனுக்கோ 2027 உலகக் கோப்பை, வாராது வந்த மாமழை. இரு ஃபூட்டிகளின் பருவமும் முடியும் தறுவாயில், அக்டோபர் 1 அன்று அது பெர்த் நகரில் தொடங்குகிறது. ஆட்டம் நடக்கப்போவது, ஏ.எஃப்.எல்.லையும் கிரிக்கெட்டையும் மனத்தில் வைத்துக் கட்டி 2018இல் திறந்த முட்டை வடிவ அரங்கத்தில்.