பழைய பிக்சர் டியூப் டிவியில் கண்டன்சர் மாற்றம்: எது நிலைக்கிறது, எது திரும்ப வருகிறது

2006-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டிகளும், அதே காலத்து 21 அங்குலப் பெட்டிகளும் இன்னும் சில வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பழைய வீடியோ கேம் ஆடுகிறவர்களும் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள். இந்தப் பெட்டிகளில் கண்டன்சர் மாற்றி ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். போர்டில் உள்ள எல்லா எலக்ட்ரோலிட்டிக்கையும் (உள்ளே திரவம் ஊறிய, துருவம் பார்த்துப் போடும் கண்டன்சர்களை) ஒரேயடியாகக் கழற்றுவது வீண்வேலை. ஒருபக்க ஃபீனாலிக் போர்டில் தாமிரப் பட்டை எளிதில் உரியும். எங்காவது ஒன்று துருவம் மாறி உட்காரும். பெட்டியை உண்மையில் நிறுத்துவது ஐந்தாறு இடங்கள்தான்.

அவற்றில் மோசமானது கண்ணுக்கே படாத ஒன்று: எஸ்எம்பிஎஸ் எனப்படும் பவர் சப்ளையின் பிரைமரிப் பக்கம் (மெயின்ஸோடு நேரே சேர்ந்த பக்கம்), பவர் டிரான்சிஸ்டரின் ஹீட்சிங்கை (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகட்டை) ஒட்டி நிற்கும் 10 முதல் 47 மைக்ரோஃபாரட் வரையிலான 50 வோல்ட் சிறிய கண்டன்சர். இது காய்ந்தால் ஐசி வைத்த சப்ளை ‘டிக் டிக்’ என்று துடிக்கும், அல்லது பலமுறை சுவிட்ச் போட்ட பிறகே எழும். டிரான்சிஸ்டர்களால் ஆன சப்ளையில் விளைவு வேறு. கட்டுப்பாடு தளர்ந்து பி-பிளஸ் (ஹரிசான்டல் பகுதிக்குப் போகும் முதன்மை டிசி வோல்ட்டேஜ்) மேலே ஏறும். படத்தைக் குறுக்கே விரிக்கும் ஹரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் போகும். டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் அதுவும் சீக்கிரமே போகும். மேல்பகுதி உப்பாமல், பார்வைக்குப் புதிதாகவே இருப்பதுதான் இதில் சிக்கல். ஈஎஸ்ஆர் (கண்டன்சரின் உள்மின்தடை) அளக்கும் மீட்டர் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். கொள்ளளவு மட்டும் காட்டும் மல்டிமீட்டர் இதை ‘நல்லது’ என்று சொல்லிவிடும்.

அடுத்தது பி-பிளஸ் ஃபில்டர், பெரும்பாலும் 100 மைக்ரோஃபாரட்/160 வோல்ட். 14 அங்குலத்தில் இந்த லைன் 110 வோல்ட்டை ஒட்டியும், 21 அங்குலத்தில் 125 முதல் 140 வோல்ட் வரையும் இருக்கும். இது மட்டும் தலை உப்பிக் காட்டிக்கொடுக்கும். படம் பிரகாசமாகும்போது அகலம் சுருங்குவதும் விசில் சத்தமும் இதன் அறிகுறிகள். மாற்றும்போது 200 அல்லது 250 வோல்ட் தரத்தில் போடலாம். உயரம் கூடினாலும் இடம் இருக்கும்.

படத்தின் மேல்பகுதி மடிந்து வெள்ளைக் கோடுகள் விழுந்தால் உடனே படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிகல் ஐசியை மாற்ற ஓட வேண்டாம். எல்ஏ7840 போன்ற ஐசியின் பக்கத்தில் நிற்கும் 100 மைக்ரோஃபாரட்/35 வோல்ட் பம்ப்-அப் கண்டன்சரை (கதிர் மேலே திரும்பும் கணத்தில் ஐசியின் சப்ளையை உயர்த்துவது) முதலில் பாருங்கள். படத்தின் உயரமே குறைந்திருந்தால் யோக்குக்கு (டியூபின் கழுத்தில் உள்ள காயிலுக்கு) தொடராக இருக்கும் 1000 மைக்ரோஃபாரட் கப்ளிங் கண்டன்சரைப் பாருங்கள். டிடிஏ8356 வகையில் அந்தக் கப்ளிங் கிடையாது. அங்கே 45 வோல்ட் லைனின் ஃபில்டர்தான் சந்தேகத்துக்குரியது. எழுத்துகளின் வலப்பக்கம் நிறம் இழுபட்டு வழிந்தால், வீடியோ அவுட்புட்டுக்குப் போகும் 180-200 வோல்ட் லைனின் 10 மைக்ரோஃபாரட்/250 வோல்ட் கண்டன்சர்தான் காரணம். மெயின்ஸை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜுக்குப் பின்னால் நிற்கும் 400 வோல்ட் பெரிய கண்டன்சர் நினைப்பதைவிடக் கெட்டி. அது தளர்ந்தால் இரண்டு பட்டைகள் திரையில் மெல்ல நகரும், ஓரங்கள் வளையும்.

எத்தனை நாள் நிலைக்கும் என்பதை வெப்பம்தான் முடிவு செய்கிறது. 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. ஹீட்சிங்க் ஓரம் 70 டிகிரி என்று வையுங்கள். 85 டிகிரியில் 2000 மணி நேரம் என்று தரமிட்ட கண்டன்சர் அங்கே ஏறத்தாழ 5600 மணி நேரம் தாங்கும். தினம் 6 மணி நேரம் ஓடினால் இரண்டரை ஆண்டு. அதே 2000 மணி நேரத்துக்கு 105 டிகிரி தரம் போட்டால் 22,000 மணி நேரத்துக்கு மேல், அதாவது பத்தாண்டு. விலை வித்தியாசம் சில ரூபாய்தான். இதில் மிச்சம் பிடிப்பதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. உடல் ஹீட்சிங்கில் உரசாமல் சற்றுச் சாய்த்து நிறுத்தினால் இன்னும் நல்லது. வோல்ட்டேஜை ஒரு படி ஏற்றலாம். மைக்ரோஃபாரடை ஏற்றக் கூடாது. 400 வோல்ட் ஃபில்டரில் இரண்டு மடங்கு போட்டால் சுவிட்ச் போடும் கணத்தில் பாயும் மின்னோட்டம் டயோடுகளைத் தின்னும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் வாங்கினாலும் மேலுறையை மட்டும் நம்ப வேண்டாம். மறுஉறை போட்ட பழைய சரக்கும் கலந்துவரும். கால் பளபளப்பாக, வெட்டாமல், நீளமாக இருக்கிறதா என்று பாருங்கள். போர்டில் போடும் முன் ஈஎஸ்ஆர் பார்த்துவிடுவது நல்லது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 400 வோல்ட் கண்டன்சரில் ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல் 2.2 கிலோஓம்/10 வாட் ரெசிஸ்டரைச் சில நொடி பிடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். பிக்சர் டியூபின் ஆனோடில் 20,000 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். காப்புள்ள ஸ்க்ரூடிரைவரின் உலோகக் கம்பியை ஒரு கிளிப் வயரால் டியூபின் முதுகில் ஓடும் எர்த் பின்னலோடு இணைத்து, ஸ்க்ரூடிரைவர் முனையை ஆனோடின் ரப்பர் தொப்பிக்கு அடியில் நுழைத்து இறக்குங்கள். எஸ்எம்பிஎஸ் கிரவுண்டில் கிளிப் போடக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை இறக்குங்கள், மிச்சம் திரும்ப ஏறும். துருவக் குறியையும் போர்டை நம்பிப் போடாதீர்கள். நிழலிட்ட அரைவட்டம் சில போர்டில் மைனஸ், சிலவற்றில் பிளஸ். பழையதைக் கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றியதும் நேரே சுவிட்ச் போடாமல் மெயின்ஸில் தொடராக இணைத்த 100 வாட் பல்ப் வழியாகக் கொடுங்கள். டீகாசிங் காயிலால் (சுவிட்ச் போட்டதும் டியூபின் காந்தத்தை நீக்கும் காயில்) பல்ப் ஒரு நொடி பளிச்சிட்டு மங்க வேண்டும். மங்காமல் நின்றால் எங்கோ ஷார்ட். பி-பிளஸ் மீது சந்தேகம் இருந்தால் ஹரிசான்டல் பகுதியைத் துண்டித்து, அந்த லைனில் 60 வாட் பல்பை டம்மி லோடாகப் போட்டு அளந்து பாருங்கள். அளக்கும்போது மீட்டரின் கறுப்பு முனை செகண்டரி கிரவுண்டில் இருக்க வேண்டும். பிரைமரி கிரவுண்டில் வைத்தால் காட்டும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. படம் அகலமாக வரட்டும் என்று பி-பிளஸை ஏற்றுவது வேண்டாம், ஈஎச்டியும் (டியூபின் ஆனோடுக்குப் போகும் உயர் வோல்ட்டேஜ்) சேர்ந்தே ஏறும்.

ஹரிசான்டல் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் நிற்கும் 1600 அல்லது 2000 வோல்ட் பாலிபுரொப்பிலீன் கண்டன்சர் தனி விவகாரம். அதன் மதிப்பு குறைந்தாலோ கால் விட்டுப்போனாலோ ஈஎச்டி எகிறும், டிரான்சிஸ்டர் துளைபடும். அதே மதிப்பு, அதே வகைதான் போட வேண்டும். கையில் கிடைத்த செராமிக்கைப் போட்டால் சூடேறி வெடிக்கும்.

கண்டன்சர் கோளாறு என்று வரும் பெட்டிகளில் நிறைய உண்மையில் டிரை சால்டர், அதாவது ஈயப் பற்று விட்டுப்போனது. ஈஎச்டி டிரான்ஸ்ஃபார்மர், டிரைவர் டிரான்ஸ்ஃபார்மர், வெர்டிகல் ஐசி கால்களைச் சுற்றி வளையமாக விரிசல் ஓடியிருக்கும். அவற்றை முதலில் புது ஈயம் வைத்து ஒட்டிவிட்டுப் பிறகு மீட்டரை எடுங்கள். எல்லா லைனும் சரியாக அளந்து, படம் மட்டும் மங்கலாகவும் வெள்ளைப் பகுதிகள் வெள்ளி பூசியதுபோல் மின்னவும் செய்தால், தேய்ந்தது டியூபின் கேத்தோடு (எலக்ட்ரானை வெளிவிடும் முனை). அதற்கு எந்தக் கண்டன்சரும் உதவாது.