டிசிஎஸ் எம்ஐ-24பி ஹிண்ட்: காதால் ஓட்டிப் பார்த்த ரிவ்யூ

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற விமானம் ஓட்டும் கணினி கேமில், சோவியத் தாக்குதல் ஹெலிகாப்டரான எம்ஐ-24பி ஹிண்டைத் தனியாகக் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்கிற மாட்யூலை வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் எப்படி, எத்தனை எஃப்பிஎஸ் வரும், ஏவுகணை எவ்வளவு தூரம் போகும் என்றுதான் விசாரிக்கிறார்கள். அதற்கெல்லாம் யூடியூபில் வேண்டிய அளவு வீடியோ கிடக்கிறது. நான் இங்கே சத்தத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஒரு தாக்குதல் ஹெலிகாப்டர் ஏன் அந்த உருவத்தில் இருக்கிறது என்பதை எனக்குக் காது வழியாகப் புரியவைத்தது இந்த மாட்யூல்.

நான் இருப்பது பெங்களூரு முருகேஷ்பாளையத்தில். பக்கத்திலேயே எச்ஏஎல் விமான நிலையம். மாடியில் துணி எடுக்கப் போனால் தலைக்கு மேலே எச்ஏஎல் செய்கிற துருவ் ஹெலிகாப்டர் போகும், சில நாள் அவர்களுடைய தாக்குதல் ஹெலிகாப்டரான பிரசண்ட் போகும். இந்த இரண்டையும் சத்தத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல எனக்கு வெகுநாள் வரவில்லை, இன்றைக்கும் நிமிர்ந்து பார்த்து, உடம்பு குறுகலாகக் கத்தி மாதிரி இருந்தால் பிரசண்ட் என்றுதான் சொல்கிறேன். காரணம் எளிது. பிரசண்ட் துருவிலிருந்து பிறந்தது, அதே வகை நான்கு பிளேடு ரோட்டர், இரண்டிலும் 'சக்தி' என்ற ஒரே எஞ்சின். மேலே சுற்றுவது ஒன்றாக இருந்தால் கீழே தொங்குகிற உடம்பு எதுவாக இருந்தாலும் சத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். இது மண்டையில் ஏறிய பிறகுதான் டிசிஎஸ்ஸில் இருக்கிற மற்ற ஹெலிகாப்டர்களையும் கண்ணை மூடிக் கேட்க ஆரம்பித்தேன்.

சரி, ஹிண்டுக்கு வருவோம். ஸ்டார்ட் செய்வதிலிருந்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாட்யூலின் உயிரே அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது. பச்சையும் நீலமும் கலந்த அந்தக் காக்பிட்டில் உட்கார்ந்து பேட்டரி சுவிட்சுகளைப் போட்டதும் மெல்லிய ரீங்காரம். அப்புறம் ஏஐ-9வி என்ற சின்னத் துணை எஞ்சின். முதுகுக்குப் பின்னால் எங்கோ ஒரு சீட்டி கிளம்பி, மேலே மேலே ஏறி, பல் கூசுகிற உயரத்தில் போய் நிற்கும். இந்தத் துணை எஞ்சின் அழுத்திக் கொடுக்கிற காற்றில்தான் பெரிய டிவி3-117 எஞ்சின்கள் ஒவ்வொன்றாக உயிர்பெறும். இடது எஞ்சினைக் கிளப்புகிறீர்கள், சீட்டிக்கு அடியில் ஒரு உறுமல் சேர்கிறது, ரோட்டர் பிரேக்கை விட்டிருந்தால் மேலே ஐந்து பிளேடுகளும் சோம்பல் முறிப்பதுபோல நகரத் தொடங்குகின்றன. ஒவ்வொரு பிளேடும் தலைக்கு மேல் கடக்கும்போது ஒரு நிழல், ஒரு 'வூஷ்'. எண்ணிவிடலாம், அவ்வளவு மெதுவாக இருக்கும். வலது எஞ்சினும் சேர்ந்து, த்ராட்டிலை முழுக்கத் திருகி ஏற்றியதும் எண்ண முடியாத வேகம் வந்து எல்லாம் கலந்து ஒரே முழக்கமாகிவிடுகிறது. தனித்தனி வீச்சு முழக்கமாக மாறுகிற அந்த நொடிக்காகவே நான் பல நாள் மாலையில் இதை ஸ்டார்ட் செய்துவிட்டு, பறக்காமலே அணைத்திருக்கிறேன்.

அந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஹிண்டின் ரோட்டர் நிமிடத்துக்குச் சுமார் 240 சுற்று. ஐந்து பிளேடு. பெருக்கினால் நிமிடத்துக்கு 1200 வீச்சு, நொடிக்கு 20. மனிதக் காது ஒரு ஸ்வரமாகக் கேட்கக்கூடிய தாழ்ந்த எல்லையும் ஏறத்தாழ அந்த 20தான். அதாவது ஹிண்டின் அடிநாதம் நம் காதின் வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறது, பாதி கேட்கிறோம், பாதி உணர்கிறோம். இதே டிசிஎஸ்ஸில் இருக்கும் யுஎச்-1எச் ஹியூயியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டே பிளேடு, நிமிடத்துக்கு 324 சுற்று, நொடிக்கு 11 அடிகூட முழுசாக வராது. அது ஒருபோதும் ஒரே ஓசையாக உருகாது, தனித்தனி அடியாகவே விழும். வியட்நாம் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருகிற அந்த டப், டப், டப் இதுதான்.

ஹியூயி அவ்வளவு ஓங்கி அடிப்பதற்கு இன்னொரு காரணம் பிளேடின் நுனி வேகம். 14.6 மீட்டர் விட்டமுள்ள ரோட்டர் அந்த வேகத்தில் சுற்றும்போது நுனி நொடிக்கு 250 மீட்டரை ஒட்டிப் போகிறது, ஹெலிகாப்டர் முன்னால் பறக்கும் வேகத்தையும் முன்னோக்கி வரும் பிளேடில் சேர்த்துக்கொண்டால் ஒலியின் வேகத்தை நெருங்கிவிடுகிறது, அங்கே காற்று நெரிபட்டு அறைகிறது. அதோடு கீழே இறங்கும்போது ஒரு பிளேடு விட்டுப்போன காற்றுச் சுழலை அடுத்த பிளேடு போய் வெட்டும், அதுவும் ஒரு அறை. உலகின் முதல் முழுமையான தாக்குதல் ஹெலிகாப்டர் என்று சொல்லப்படும் ஏஎச்-1 கோப்ரா ஹியூயியின் எஞ்சினையும் ரோட்டர் அமைப்பையும் எடுத்து, உடம்பை மட்டும் ஒரு மீட்டருக்குள் ஒடுக்கி, இரண்டு பேரை ஒருவர் பின் ஒருவராக உட்காரவைத்துச் செய்தது. 1965இல் முதன்முதலாகப் பறந்தது. எதிரில் இருப்பவர் கண்ணுக்கு அது மெலிந்த கோடு, காதுக்கோ அதே ஹியூயிதான். எங்கள் மாடிக்கு மேல் பிரசண்ட் போகும்போது எனக்கு நடப்பதும் அதேதான்.

ஹிண்டை வடிவமைத்தவர்களுக்கு ஒளிந்து போக வேண்டும் என்ற கவலையே இருந்ததாகத் தெரியவில்லை. எட்டுப் படைவீரர்களை வயிற்றில் ஏற்றிக்கொண்டு, தானே சுட்டுக்கொண்டு வேகமாகப் பாய வேண்டும் என்பது மில் நிறுவனத்தின் எண்ணம், அதனால்தான் இரண்டு குமிழிக் கண்ணாடிக்குப் பின்னால் அவ்வளவு பருத்த உடம்பு. பக்கவாட்டில் கீழ்நோக்கிச் சரிந்த அந்தக் குட்டை இறக்கைகளை ஆயுதம் மாட்டுகிற ஆணி என்று நினைத்திருந்தேன். வேகமாகப் பறக்கும்போது மொத்தத் தூக்குவிசையில் நான்கில் ஒரு பங்கு வரை அந்த இறக்கைகள்தான் தருகின்றன. இதன் பாரம் குறைத்த ஒரு மாதிரி 1978இல் மணிக்கு 368.4 கிலோமீட்டர் போய் உலக சாதனை வைத்தது. மாட்யூலில் இதைக் காதாலேயே பிடிக்கலாம். மெதுவாகத் தவழும்போது ரோட்டர் மூச்சுத் திணறுவதுபோல அடித்துக்கொள்ளும், வேகம் ஏற ஏற சுமை இறக்கைக்கு மாறும், ரோட்டரின் திணறல் அடங்கி, காற்றின் இரைச்சல் மேலே வரும். மீட்டரைப் பார்க்காமலே, இப்போது வண்டி சுகமாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு: வேகத்தைச் சட்டென்று குறைத்துக்கொண்டு கீழே இறங்கினால் உடம்பெல்லாம் உதறத் தொடங்கும், அந்த உதறலைக் கேட்ட நொடியில் மூக்கைத் தாழ்த்தி முன்னால் ஓடவில்லை என்றால் தன் ரோட்டர் கலக்கிய காற்றிலேயே மூழ்கிக் கல்லாக விழும். ஆரம்பத்தில் நான் பத்து தடவையாவது இப்படித்தான் விழுந்தேன். காது பழகிய பிறகு விழுவது நின்றது.

துப்பாக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலது விலாவில் பதித்த இரட்டைக் குழல் 30 மில்லிமீட்டர் பீரங்கி, திரும்பாது, ஹெலிகாப்டரையே திருப்பித்தான் குறிபார்க்க வேண்டும். குண்டு 250தான். புதுக் காடாத் துணியை ஒரே இழுப்பில் கிழித்தால் வருமே, அந்தச் சத்தம். கூடவே காக்பிட் முழுக்க அதிர்ந்து மூக்கு ஒரு பக்கம் இழுக்கும். அமெரிக்கத் தாக்குதல் ஹெலிகாப்டரான அப்பாச்சியின் எம்230 பீரங்கி இதற்கு நேர்மாறு. நிமிடத்துக்குச் சுமார் 625 குண்டு, நொடிக்குப் பத்து, டக் டக் டக் என்று நிதானமாகத் தையல் மெஷின் ஓடுவதுபோல, அதுவும் விமானி தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் தானும் திரும்பும்.

அப்பாச்சி என்றதும் நினைவு வருகிறது, நம் விமானப்படையில் பதான்கோட்டில் இருக்கும் 125ஆவது பிரிவு பல வருடம் ஹிண்டின் ஏற்றுமதி வடிவங்களான எம்ஐ-25, எம்ஐ-35 வைத்திருந்துவிட்டு 2019இல் அப்பாச்சிக்கு மாறியது. இரண்டு மாட்யூலும் என்னிடம் இருப்பதால் அந்த மாற்றத்தை விமானிகள் எப்படி உணர்ந்திருப்பார்கள் என்று யோசித்திருக்கிறேன். டிசிஎஸ்ஸின் அப்பாச்சி மாட்யூலான ஏஎச்-64டி அருமையான வேலைதான், ஆனால் அதன் உள்ளே உட்கார்ந்தால் ஏசி அறையில் இருப்பதுபோல ஒரு சீரான ஹம், நான்கு பிளேடு நொடிக்கு 19 வீச்சு, எல்லாம் அடக்கமாக. அந்த அடக்கம் வேண்டுமென்றே செய்தது. அப்பாச்சியின் வால் ரோட்டரை வெளியே போய் உற்றுப் பாருங்கள், நான்கு பிளேடும் கூட்டல் குறிபோலச் சம இடைவெளியில் இருக்காது, கத்தரிக்கோல் பாதி திறந்த மாதிரி 55 டிகிரியில் சாய்ந்திருக்கும். சம இடைவெளியில் அடித்தால் எல்லாச் சத்தமும் ஒரே சுருதியில் குவிந்து ஊளையாகக் கேட்கும், இடைவெளியை மாற்றினால் அது பல சுருதிகளாகச் சிதறிக் காதில் அவ்வளவாகக் குத்தாது. மாட்யூலில் அந்தக் கோணம் அச்சாக அப்படியே இருக்கிறது, அதைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

டிசிஎஸ்ஸில் இருக்கும் இன்னொரு ரஷ்யத் தாக்குதல் ஹெலிகாப்டரான கேஏ-50 பற்றி ஒரு வரி: ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு ரோட்டர், வால் ரோட்டரே கிடையாது, அதனால் மற்ற ஹெலிகாப்டர்களில் பின்னாலிருந்து வரும் அந்தச் சன்னமான கீச்சு இதில் இல்லை. எனக்கு ஏனோ ஒட்டவில்லை.

இப்போது ஒரு விஷயம், இதை எழுதாமல் விட்டால் இந்த ரிவ்யூ நேர்மையாக இருக்காது. போன வருடம் யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். ஆசையாகக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் வைத்து, வெளிப்பக்கக் கேமராவில் ஹிண்ட் தூரத்திலிருந்து நம்மை நோக்கி வருகிற காட்சியைப் போட்டேன். திரையை அவன் பார்க்கவே இல்லை. கையில் இருந்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "உதை நிப்பாட்டு மச்சான்" என்றான். நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே பேசினான். சின்ன வயதில் அவர்களுக்குச் சத்தம்தான் பாடமாம், ஹெலியா, பொம்மரா, சகடையா (குண்டு போட்ட சரக்கு விமானம்) என்று பெரியவர்களுக்கு முன்னால் பிள்ளைகள் சொல்லிவிடுவார்களாம், அதைப் பொறுத்துத்தான் பங்கருக்குள் ஓடுவதா, சுவரோரம் படுப்பதா என்று முடிவாகுமாம். 1987இல் இந்திய அமைதிப்படையோடு எம்ஐ-25 அங்கே போனது, 1995இலிருந்து இலங்கை விமானப்படையே எம்ஐ-24 வைத்துக்கொண்டது. நான் ஹெட்போனில் ரசித்து ரசித்துப் பிரித்துப் பார்த்த அந்தத் தூரத்து முழக்கம் எந்தத் திசையிலிருந்து வருகிறது, நெருங்குகிறதா விலகுகிறதா என்று அவன் உயிருக்காகக் கணக்குப் போட்டிருக்கிறான். அன்றைக்குப் பிறகு நான் இந்த மாட்யூலில் தரையிலிருந்து கேட்கும் கேமராவை ஸ்பீக்கரில் போடுவதில்லை. ஆனால் ஒரு விமர்சகனாக இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது, அந்தச் சத்தம் எவ்வளவு சரியாக இருந்தால் அவன் திரையைப் பார்க்காமலே அடையாளம் கண்டிருப்பான்.

குறைகள். லேப்டாப் ஸ்பீக்கரில் இதை வாங்கிக் கேட்டுவிட்டு ஏமாற வேண்டாம். அந்த 20 ஹெர்ட்ஸ் அடிநாதம் அதில் வரவே வராது, எஞ்சின் சீட்டி மட்டும்தான் மிஞ்சும். நான் முதலில் ஒரு கடையில் 'எக்ஸ்ட்ரா பாஸ்' என்று எழுதியிருந்த ஹெட்போனை நம்பி வாங்கினேன், அது எல்லாவற்றையும் ஒரே குடம் தட்டும் ஓசையாக்கிவிட்டது, பிளேடும் எஞ்சினும் பிரியவே இல்லை. மூன்றாவது மாதம் ஒரு காதும் போய்விட்டது, கடைக்காரர் வாரண்டி அட்டையில் முத்திரை இல்லை என்று கைவிரித்துவிட்டார். பாஸைத் தூக்கிக் காட்டாத, காதை முழுக்க மூடுகிற சாதாரண ஹெட்போன் போதும், அதுதான் இதற்குச் சரி. இன்னொன்று, எவ்வளவு நல்ல ஹெட்போன் வைத்தாலும் துருவ் தாழ்வாகப் போகும்போது எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிருமே, நெஞ்சுக்கூட்டில் ஒரு தட்டு விழுமே, அது வராது. கேமுக்குள் எந்த செட்டிங்காலும் அதைக் கொண்டுவர முடியாது. டிஸ்க்கில் இடம் நூறு ஜிபிக்கு மேல் விழுங்கும், மெமரி தாராளமாக வேண்டும். கற்றுக்கொள்ளவும் வாரக்கணக்கில் ஆகும். முன் சீட்டில் பெத்ரோவிச் என்ற கணினித் துணைவர் உட்கார்ந்து ஏவுகணையைப் பார்த்துக்கொள்கிறார் என்பதால் ஒற்றை ஆளாகவும் சமாளிக்கலாம்.

விலை நம் ஊர்க் கணக்குக்கு அதிகம்தான், சேல் போடும்போது நன்றாகக் குறையும், அதற்குக் காத்திருங்கள். அதற்கு முன்னால் டிசிஎஸ் வேர்ல்ட் இலவசம், அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கினால் மாட்யூலைப் பதினான்கு நாள் காசில்லாமல் ஓட்டிப் பார்க்கலாம்.

அப்படி எடுத்தால் முதல் நாள் பறக்க வேண்டாம். ஆடியோ செட்டிங்கில் ஹெல்மெட்டுக்குள் கேட்பதுபோல் என்று ஒரு ஆப்ஷன் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். காக்பிட் கதவைத் திறந்து வையுங்கள். இடது விண்டோஸ் கீயையும் ஹோமையும் சேர்த்து அழுத்தினால் அதுவே ஸ்டார்ட் செய்துகொள்ளும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு கேளுங்கள். ரோட்டர் முழு வேகம் எடுத்த பிறகு கதவை மூடுங்கள், வெளியே இருந்த அத்தனையும் ஒரே நொடியில் தகரத்துக்குப் பின்னால் போய்விடும், எஞ்சின் மட்டும் உங்கள் பிடரிக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருக்கும்.