மூளைக்கு முழு மார்க், உடம்புக்குப் பாஸ் மார்க்: பெற்றோர் வகுப்பு ஒன்றின் விமர்சனம்

மதுரை அண்ணா நகரில் ஒரு குழந்தை மருத்துவர் தன் கிளினிக் மாடியில் ஞாயிறு காலையில் நடத்தும் வகுப்பு இது. பதின்வயதுப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கானது. குடும்பத்துக்கு 500 ரூபாய், டீயும் வடையும் அதிலேயே அடக்கம். பெயர் போடவில்லை, குறையும் சொல்லப்போகிறேன் என்பதால்.

முதல் பாதி அருமை. ஆறு வயதுக்குள் மூளையின் அளவு பெரியவர்கள் அளவில் சுமார் 90 சதவீதத்தைத் தொட்டுவிடுகிறது, அதற்கப்புறம் நடப்பது பெரும்பாலும் உள்வேலைதான், பயன்படாத இணைப்புகள் கழிக்கப்பட்டு, பயன்படுகிற நரம்பிழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை ஏறி வேகம் கூடுகிறது என்று படம் போட்டு விளக்கினார். உணர்ச்சியையும் த்ரில்லையும் கவனிக்கிற பகுதிகள் முன்னாடியே சூடுபிடித்துவிட, யோசித்து நிறுத்துகிற, நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரைக்கும் முதிர்ந்துகொண்டே இருக்கிறதாம். தனியாகப் போகும்போது ஒழுங்காக ஓட்டுகிற பையன், கூட்டாளி பின்னால் ஏறியதும் ரிங் ரோட்டில் முறுக்குவது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

தூக்கம் பற்றிப் பேசியபோதுதான் ஹாலில் சண்டையே வந்தது. இந்த வயதில் தூக்கத்தை வரவழைக்கிற மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் தாமதமாகச் சுரக்கிறது, பத்து மணிக்குப் படு என்றால் தூக்கம் வராது, ஆனால் 8 முதல் 10 மணி நேரம் தேவை, ஆகவே காலை ஐந்தரை மணி டியூஷன் வேண்டாம் என்றார். "நாங்கல்லாம் நாலு மணிக்கு எந்திரிச்சுப் படிக்கலையா டாக்டர்?" என்று ஒரு அப்பா எகிற, "படிச்சீங்க சரிண்ணே, எத்தனை மணிக்குப் படுத்தீங்க?" என்று கேட்டார். பதில் இல்லை.

உடம்பு பற்றிய பாதிதான் சொதப்பல். பெண்களுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண்களுக்கு 9 முதல் 14க்குள்ளும் மாற்றம் தொடங்குவது இயல்பு, முதல் மாதவிடாய்க்குப் பிறகு பெண்கள் உயரம் கூடுவது மெதுவாகிவிடும் என்பதெல்லாம் வந்தது. பையன்கள் விஷயம் வந்ததும் ஒரே ஓட்டம். வளரும் பையன்களில் பலருக்கு மார்பு கொஞ்சம் வீங்கும், பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாக வற்றிவிடும். சட்டையைக் கழற்றிக் கிணற்றில் குதிக்க மாட்டேன் என்று ஒதுங்கி நிற்கிற பையனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! அதற்கு ஒரே ஒரு வரி. நம்ம ஊரில் பெண் வயசுக்கு வந்தால் தெருவை அடைத்து ஃப்ளெக்ஸ் வைக்கிறோம் (அந்தப் பிள்ளைக்கு அது பிடிக்குமா என்று யாரும் கேட்பதில்லை), பையனுக்குக் குரல் உடைந்தால் கேலி மட்டும்தான். இங்கேயும் அதே கணக்கு. சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளில் சுயஇன்பம் பற்றியதை அவர் படிக்காமலே மடித்து வைத்ததைப் பார்த்தேன்.

ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளை இருந்தால் தாராளமாகப் போகலாம், அப்பாக்களையும் இழுத்துக்கொண்டு. கார் நிறுத்த இடம் கிடையாது, டூவீலர்தான் சரி. அடுத்து பிள்ளைகளுக்கே தனி வகுப்பு நடத்தப்போகிறார்களாம். பையன்களின் கேள்விக்குக் கூச்சப்படாமல் பதில் சொல்கிற ஒருவரைக் கூட்டிவந்தால் மட்டும் பணம் கட்டுவேன் என்று வரவேற்பில் சொல்லிவிட்டு வந்தேன்.