குரங்கு விரட்டும் குழாய்த் துப்பாக்கி வாங்க நினைப்பவர்களுக்கு

கறுப்புப் பெயின்ட் அடித்து, பிடியும் விசையும் பூட்டிய ஒரு குழாயை 4,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வாங்கி, என் கையாலேயே அக்காவின் மகனிடம் கொடுத்தேன். அவனுக்கு வயது 19. பதினோராவது நாள் அவனுடைய வலது கண்ணுக்குள் சுண்ணாம்பு போனது. மூன்று மாதமாகக் கிளினிக்குக்கு ஏறி இறங்குகிறோம். போன கிழமை நிலாவெளி வீதியில் ஒரு சின்ன லொறியின் பின்பக்கம் அதே குழாய்கள் ஏழெட்டு தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதன் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வளவு சாம்பல்தீவுப் பக்கம். இருபத்திரண்டு தென்னை, நான்கு மா, ஒரு பலா. திருகோணமலையில் வளவு வைத்திருக்கும் எவருக்கும் குரங்குத் தொல்லையைப் பற்றி விளக்கத் தேவையில்லை. தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டி விற்ற நேரத்தில், குரும்பையையே பிடுங்கிக் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிடம், நாடு முழுக்க அவரவர் வளவில் நிற்கும் குரங்கு, மயில், அணிலை எண்ணச் சொன்னார்கள் அல்லவா, அன்றைக்கு நானும் கொப்பியோடு முற்றத்தில் நின்று எண்ணினேன். எண்ணியதோடு சரி. கெற்றபோல் அடித்தோம், தகரம் தட்டினோம், நாய் வளர்த்தோம். ஒரு மாதத்தில் எல்லாவற்றுக்கும் பழகிவிட்டன.

அந்த நேரத்தில்தான் ஃபோனில் ஒரு விளம்பர வீடியோ வந்தது. ஒருவர் தோட்டத்தில் நின்று விசையை அழுத்துகிறார், பெரிய வெடிச் சத்தம், குரங்குக் கூட்டம் சிதறி ஓடுகிறது. கொடுத்திருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். கதைத்தவர் மிகவும் மரியாதையாகத்தான் கதைத்தார்.

"அண்ணா, இதுக்கு லைசன்ஸ் தேவையில்ல. வெடிமருந்து இல்ல, குண்டு இல்ல. வெறும் சத்தம் மட்டும்தான். சின்னப் பிள்ளையும் அடிக்கலாம். குழாய் நல்ல தடிப்பு, ஒரு வருஷம் கேரண்டி குடுக்கிறம்."

"வெடிமருந்து இல்லை" என்ற அந்த ஒரு சொல்லில்தான் நான் விழுந்தேன். கேரண்டி என்றால் ஒரு துண்டாவது எழுதித் தருவார்கள் என்று நினைத்தேன். குரியரில் வந்த பொதியில் குழாயும் கார்பைட் என்ற இரசாயனக் கட்டிகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் போத்தலும் இருந்தன. பற்றுச்சீட்டு இல்லை. செய்த இடத்தின் பெயர் இல்லை. எப்படிப் பாவிப்பது, எதைச் செய்யக் கூடாது என்று ஒரு வரி கூட இல்லை. காசை குரியர்காரரிடம் கொடுத்தாகிவிட்டது.

அதற்குள் நடப்பது என்னவென்று பிறகுதான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். கார்பைட்டில் தண்ணீர் பட்டால் அசெட்டிலின் வாயு வரும். வெல்டிங் கடையில் இரும்பு வெட்டப் பாவிக்கிறார்களே, அதே வாயு. கேஸ் அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரில் உள்ள பொறிதான் குழாய்க்குள்ளும் இருக்கிறது. விசையை அழுத்தினால் பொறி பறந்து வாயு வெடிக்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அசெட்டிலின் இருந்தாலே தீப்பிடிக்கும்; எண்பது பங்கு இருந்தாலும் பிடிக்கும். இவ்வளவு அகலமான வீச்சில் தீப்பிடிக்கும் வாயுக்கள் மிகக் குறைவு. "கூடினால் வெடிக்காது, குறைந்தாலும் வெடிக்காது" என்று நம்பி நிற்க இதில் இடமே இல்லை. இதைத்தான் எனக்கு "வெறும் சத்தம்" என்று விற்றார்கள்.

முதல் மூன்று நான்கு நாள் நன்றாகத்தான் வேலை செய்தது, அதையும் சொல்ல வேண்டும். சத்தம் கேட்டதும் குரங்குகள் பக்கத்து வளவுக்குத் தாவின. அம்மாகூடச் சந்தோசப்பட்டார். ஐந்தாம் நாள் காலை குழாயைத் துடைக்கும்போது, பின்மூடி ஒட்டியிருந்த இடத்தில் தலைமயிர் அளவு ஒரு கோடு தெரிந்தது. நகத்தால் தடவினேன், நகம் மாட்டியது. பெயின்ட் வெடிப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே அதைத் தூக்கி மூலையில் போட்டிருக்க வேண்டும்.

பதினோராம் நாள் பின்னேரம் நாலரை இருக்கும். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. தென்னையில் ஐந்தாறு குரங்கு. மருமகன் குழாயை எடுத்துக்கொண்டு போனான். நான் கிணற்றடியில் நின்றேன். டிக். சத்தம் இல்லை. டிக், டிக். இல்லை. "மாமா, பத்துதில்லை" என்றான். "விடடா, வா" என்று நான் சொல்வதற்குள், என்ன அடைத்திருக்கிறது என்று பார்க்கக் குழாயைத் திருப்பிவிட்டான். அந்த விசை ஒரு வட்டப் பொத்தான். பிடிக்கு வெளியே அரை அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு மறைப்பும் இல்லை, பூட்டும் இல்லை. குழாயைத் திருப்பிப் பிடித்தால் உள்ளங்கை நேரே அதன் மேல்தான் வரும். வந்தது.

நான் ஓடிப் போகும்போது முகத்தின் வலது பக்கம் முழுக்க வெள்ளைச் சேறு. உள்ளி அழுகியது போன்ற அந்தக் கார்பைட் நாற்றம். கண்ணைத் திறக்க முடியாமல் துடித்தான். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் தாய்ப்பால் விடச் சொன்னார். இன்னொருவர் துணியால் கட்டச் சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். கிணறு பக்கத்தில் இருந்ததால் நான் வாளியோடு ஊற்றத் தொடங்கினேன், ஆனால் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டு ஓட்டோவில் ஏற்றினேன். அது பிழை என்று பிறகு டொக்டர் சொன்னார். பெரிய துகள்களைத் துடைத்து எடுத்துவிட்டு, இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரைக் குறைந்தது இருபது நிமிடமாவது விடாமல் ஊற்றியிருக்க வேண்டுமாம். 1990க்கு எடுத்து அம்பியுலன்ஸ் வரும்வரை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் கண்ட ஒன்று இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு சின்னக் கடதாசித் துண்டை அவன் கீழ் இமைக்குள் வைத்து எடுத்தார்கள். கடும் நீலமாக மாறியது. சேலைன் விட்டுக் கழுவினார்கள். திரும்ப வைத்தார்கள், திரும்ப நீலம். மேல் இமையைப் புரட்டி, பஞ்சுக் குச்சியால் சுண்ணாம்புத் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அந்த மணல் போன்ற துணுக்குகள் உள்ளே இருக்கும்வரை எத்தனை தரம் கழுவினாலும் காரம் ஊறிக்கொண்டே இருக்குமாம். அமிலம் பட்டால் மேல்தசை கட்டிப்போய், உள்ளே இறங்குவதை ஓரளவு தடுக்கும்; காரம் அப்படியில்லை, தசையைக் கரைத்துக்கொண்டு ஆழமாக இறங்கும் என்று டொக்டர் சொன்னார். வெடித்த குழாயில் மிஞ்சுவது நீற்றுச் சுண்ணாம்பு. சூடு ஒரு பக்கம், சுண்ணாம்பு ஒரு பக்கம். நான் நெருப்பை மட்டும்தான் யோசித்திருந்தேன்.

பார்வை முற்றாகப் போகவில்லை. கடவுள் புண்ணியம் என்று அக்கா கோணேசர் கோயிலுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். ஆனால் கருவிழியில் ஒரு மங்கல் நிற்கிறது. பகல் வெளிச்சத்தில் கண்ணீர் வடிகிறது. மோட்டார் சைக்கிள் ஓடுவதை நிறுத்திவிட்டான்.

ஒரு வாரம் கழித்து மனம் கொஞ்சம் தெளிந்த பிறகு குழாயை எடுத்து மண்கடதாசியால் தேய்த்துப் பார்த்தேன். கறுப்புப் பெயின்ட்டுக்குக் கீழே வழமையான சாம்பல் நிறப் பிவிசி. குளியலறைத் தண்ணீர் வெளியே போகப் போடுவோமே, அந்த மெல்லிய ரகம். பின்மூடியில் நான் கண்ட கோடு ஒரு சாண் நீளத்துக்கு ஓடியிருந்தது. அன்றைக்கு அது முழுதாகப் பிளந்திருந்தால் துண்டுகள் கத்தி போலப் பறந்திருக்கும். பிவிசி இரும்பு போல வளைந்து கொடுக்காது, உடைந்து சிதறும். வெயிலில் கிடந்தால் இன்னும் நொறுங்கும். தண்ணீர்க் குழாயில் அடித்திருக்கும் அழுத்த இலக்கமெல்லாம் தண்ணீருக்கானது. அமுக்கிய காற்றுக்கே பிவிசி கூடாது என்று குழாய் செய்பவர்களே எச்சரிப்பார்கள். அதற்குள் வெடிப்பை வைத்து, ஒரு பிடியும் பூட்டி, துப்பாக்கி என்று விற்கிறார்கள்.

உண்மையான வேட்டைத் துப்பாக்கி ஒன்று வாங்குவதென்றால் கச்சேரி, பொலிஸ், லைசன்ஸ் என்று எத்தனை கதவு தட்ட வேண்டும். அலைச்சல்தான். ஆனால் அந்தச் சாமானில் செய்தவன் பெயர் இருக்கும், இலக்கம் இருக்கும், தவறி விசை அழுத்துப்படாமல் ஒரு பூட்டு இருக்கும். இந்தக் குழாயில் அப்படி ஒன்றுமே இல்லை. லைசன்ஸ் தேவையில்லை என்று அவர் பெருமையாகச் சொன்னபோது, இதை ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை என்றும் எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

விற்றவருக்குத் திரும்ப எடுத்தேன். "அண்ணா, நீங்க கூடப் போட்டிருப்பீங்க. எங்கட சாமானில பிழை இல்ல. ஆயிரக்கணக்கில வித்திருக்கிறம்" என்றார். பொத்தானைப் பற்றிக் கேட்டேன், வெடிப்பைப் பற்றிக் கேட்டேன். படம் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பார்த்ததற்கான அடையாளம் விழுந்தது, அதோடு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம், உண்மைதான். ஆனால் என்னிடம் இருப்பது எடுபடாத ஒரு ஃபோன் இலக்கமும் குரியர் துண்டும் மட்டும். நீங்கள் எந்தச் சாமானைக் குரியரில் எடுத்தாலும், காசு கொடுக்கும் முன் பற்றுச்சீட்டும் முகவரியும் கேளுங்கள். தராவிட்டால் பொதியைத் திருப்பி அனுப்புங்கள்.

உள்ளே எட்டிப் பார்த்தது அவன் பிழை என்று சொந்தக்காரரே சிலர் சொல்கிறார்கள். பார்த்திருக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2025 ஐப்பசியில், தீபாவளி முடிந்த கையோடு இந்தியாவிலிருந்து வந்த செய்தியைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தில், போபாலிலும் சுற்றுப்புறங்களிலும், இதே கார்பைட் துப்பாக்கியால் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கண்ணில் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெரும்பாலும் சிறுவர்கள். சிலருக்குப் பார்வையே போனது. அங்கே அது 150, 200 இந்திய ரூபாய்க்குத் தெருவில் விற்ற விளையாட்டுச் சாமான். அதிலும் பலருக்கு, வெடிக்கவில்லையே என்று குழாய்க்குள் பார்த்தபோதுதான் வெடித்திருக்கிறது. பொறி தட்டி வெடிக்காவிட்டால் எவரும் செய்வது அதைத்தான். அத்தனை பிள்ளைகளும் ஒரே பிழையை விடுகிறார்கள் என்றால் பிழை பிள்ளையிடம் இல்லை, சாமானில் இருக்கிறது.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அடித்து வெடிக்காவிட்டால் திரும்ப அழுத்தாதீர்கள், திருப்பாதீர்கள், மூடியைக் கழற்றாதீர்கள். வாய் ஆளில்லாத பக்கம் பார்க்க, திறந்த வெளியில் கீழே வைத்துவிட்டு விலகிப் போங்கள். உள்ளே வாயு ஊறிக்கொண்டே இருக்கும். மிச்சமிருக்கும் கார்பைட்டைக் கிணற்றிலோ கானிலோ கொட்டிவிடாதீர்கள், மாரி மழை வேறு தொடங்கிவிட்டது. நான் என்னுடையதை ஈரம் படாத தகர டின்னில் இறுக மூடி, நமக்குத் தெரிந்த வெல்டிங் கடை அண்ணரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு அதை வைத்திருக்கத் தெரியும். குழாயை மட்டும் கொடுக்கவில்லை. வெடித்த கோடு தெரியும்படி வீட்டு முன் விறாந்தையில் தொங்கவிட்டிருக்கிறேன். சாம்பல்தீவுப் பக்கம் வருபவர்கள், வாங்குவதற்கு முன் ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.