நாலு வருஷமாக ஒரு கார்பன் துடுப்பு

வாங்கி வந்த அன்றே சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பழைய மரத் துடுப்பு 690 கிராம், புதிய கார்பன் ஃபைபர் துடுப்பு 318 கிராம். "இந்த 372 கிராமுக்கா 340 டாலர்?" என்று மனைவி கேட்டாள், அதிலும் வரி சேர்க்காமல் சொன்ன விலை அது, சேர்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

கணக்கு இதுதான். சாதாரணமாகத் துடுப்புப் போட்டால் நிமிஷத்துக்கு 45 தடவை வரும், மணிக்கு 2,700. ஒவ்வொரு தடவையும் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து முன்னால் கொண்டுபோக வேண்டும், அதனால் அந்த 372 கிராம் ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட ஒரு டன் ஆகிறது. முழு எடையும் தோளில் இறங்காது, தெரியும். ஆனாலும் மனைவியிடம் சொல்ல நல்ல கணக்கு.

நாங்கள் இருப்பது டொராண்டோ. மூன்று மணி நேரம் வடக்கே ஓட்டினால் அல்கோன்குவின் பூங்கா, ஏரியிலிருந்து ஏரிக்குக் கேனோவில் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான லேசான படகு) போய்க்கொண்டே இருக்கலாம். நடுவில் தரை வந்தால் படகைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கி நடக்க வேண்டும், அதுதான் போர்ட்டேஜ். படகு அங்கேயே வாடகைக்கு எடுக்கும் இருபது கிலோ சொச்சம் கெவ்லர் (வலுவான செயற்கை நார்) படகு, துடுப்பு மட்டும் சொந்தம். நாலு கோடை, வருஷத்துக்கு ஐந்தாறு முறை. அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன், பந்தயம் போகிறவர்களுக்கு இது உதவாது.

முதலில் நான் செய்த தப்பு. இது எனக்கு இரண்டாவது கார்பன் துடுப்பு, முதலாவதைப் பற்றி மனைவிக்கு அவ்வளவாகத் தெரியாது. எடை, எடை என்று அலைந்து, பழையது ஒன்று மலிவாகக் கிடைத்ததும் நீளம் பார்க்காமல் வாங்கினேன். 56 அங்குலம். மர நேர்த்துடுப்பு அந்த நீளத்தில்தானே வைத்திருந்தேன், இதுவும் சரியாக இருக்கும் என்று நினைப்பு. இதுவோ வளைந்த தண்டு, அதாவது நுனியில் இருக்கும் தட்டையான பிளேடு தண்டோடு நேராக இல்லாமல் சற்று முன்னால் சாய்ந்திருக்கும், அதற்குக் குறைவான நீளம் போதும். கைப்பிடியைப் பிடித்த மேல் கை ஒவ்வொரு தடவையும் நெற்றிக்கு மேலே போனது, ஒரே நாளில் வலது தோள் பிடித்துக்கொண்டது. 300 கிராம் துடுப்பு, 690 கிராம் மரத் துடுப்பு தராத வலியைத் தந்தது. வாங்கிய விலையில் பாதிக்கு விற்றேன்.

அதனால் எடையைப் பார்க்கும் முன் நீளத்தைப் பாருங்கள். மெத்தை இல்லாத நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, துடுப்பைத் தலைகீழாகப் பிடித்து, கைப்பிடியைத் தொடைகளுக்கு நடுவே நாற்காலியில் ஊன்றுங்கள். தண்டு முடிந்து பிளேடு ஆரம்பிக்கும் இடம் மூக்குக்கு நேரே வந்தால் சரி. வளைந்த தண்டென்றால் மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவில் இருந்தாலே போதும். எனக்கு 50 அங்குலம் வந்தது. படகின் இருக்கை உயரமாக இருந்தால் ஓர் அங்குலம் கூட்டிக்கொள்ளலாம்.

வளைவு எதற்கு என்றால், நேர்த்துடுப்பை இழுத்து இடுப்பைத் தாண்டும்போது பிளேடு சாய்ந்து தண்ணீரை மேலே அள்ள ஆரம்பிக்கிறது, படகு முன்னால் போவதற்குப் பதில் கொஞ்சம் கீழே அமுங்குகிறது. பிளேடு 12 டிகிரி முன்பக்கம் வளைந்திருந்தால் அந்தக் கடைசி இழுப்பிலும் செங்குத்தாக நின்று தண்ணீரைப் பின்னால் தள்ளும். 1970களின் தொடக்கத்தில் மின்னசோட்டா படகு வடிவமைப்பாளர் யூஜின் ஜென்சன் பரப்பிய வடிவம் இது. புதிதாகப் பிடிப்பவர்கள் அநேகமாகத் திருப்பித்தான் பிடிப்பார்கள், கரண்டி மாதிரி தண்ணீரை அள்ளி இழுக்கத் தோன்றும். அப்படி இல்லை, பிளேடு நம்மைவிட்டு விலகி முன்னால் பார்க்க வேண்டும். என் மகன் ஒரு மத்தியானம் முழுக்கத் திருப்பிப் போட்டுவிட்டு, இதற்கா இவ்வளவு காசு என்றான். அம்மா பிள்ளை.

வளைந்த துடுப்பில் ஒரு குறை, படகைத் திருப்புவது சிரமம். பின்னால் உட்கார்ந்தவர் ஒரே பக்கம் போட்டுக்கொண்டு கடைசியில் மணிக்கட்டைத் திருப்பிப் படகை நேராக்கும் வித்தை இதில் வழவழவென்று நழுவும். அதற்குப் பதில் ஆறேழு தடவைக்கு ஒருமுறை இருவரும் பக்கம் மாற்றிக்கொள்வார்கள். இங்கே அதற்கு "ஹட்" என்று கத்துவார்கள், நாங்கள் "மாத்து" என்கிறோம். துடுப்பு லேசாக இருப்பதன் சுகம் இந்த மாற்றலில்தான் தெரியும், 690 கிராமை மடிக்கு மேல் ஆயிரம் தடவை கைமாற்றிப் பார்த்தவருக்குப் புரியும். காலையில் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்று மணிக்கு மேல், ஒபியோங்கோ மாதிரி பெரிய ஏரியில் எதிர்க்காற்று கிளம்பிய பிறகு, நான் இன்னும் பேசிக்கொண்டே துடுப்புப் போடுகிறேன், முன்பெல்லாம் அந்த நேரத்தில் எரிந்து விழுந்துகொண்டிருப்பேன்.

சேதம்? இரண்டாம் வருஷம் கரையிலிருந்து படகைத் தள்ள இதைப் பாறையில் ஊன்றினேன், முனையில் நகக்கண் அளவு சில்லு பெயர்ந்து கறுப்பு நார் நூல் நூலாகத் தெரிந்தது. என் தப்புதான். கார்பன் இழுவைக்கு அசையாது, கூரான அடிக்குத் தாங்காது. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து (தூள் மூக்கில் போகக் கூடாது, முகக்கவசம் போடுங்கள்) எபாக்ஸிப் பிசின் பூசினேன், அப்படியே இருக்கிறது. வெயிலில் காரின் பின்கண்ணாடி ஓரம் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், துடுப்பின் நாரைப் பிடித்து வைத்திருப்பதும் எபாக்ஸிதான், அதற்கு வெயில் ஆகாது. நான் துணிப்பையில் வைக்கிறேன்.

லேசான பொருளுக்கு லேசான புத்தி. சாப்பிட இறங்கிய இடத்தில் பாறைமேல் வைத்திருந்தேன், காற்று உருட்டி ஏரியில் தள்ளிவிட்டது. பிளேடுக்குள் நுரை இருப்பதால் மிதக்கும், ஆனால் கறுப்புத் துடுப்பு கறுப்புத் தண்ணீரில் எங்கே தெரியும்? மர நேர்த்துடுப்போடு துரத்திப் பிடித்தோம். அப்புறம் பிளேடு நுனியில் ஆரஞ்சு டேப் ஒட்டிவிட்டேன்.

அந்த மரத் துடுப்பு இப்போதும் எல்லாப் பயணத்துக்கும் வருகிறது. ஆழமில்லாத ஓடை, பாறை என்றால் அதுதான் கைக்கு வரும். இன்னும் லேசாக, 280 கிராமில் கிடைக்கிறதே, நூறு டாலர் கூடப் போடலாமா என்று கேட்டால், நான் போட மாட்டேன். அந்த நாற்பது கிராம் எனக்குத் தெரியாது, பாறையில் பட்டால்தான் தெரியும்.

போன செப்டம்பரில் ராத்திரி கூடாரத்துக்கு வெளியே கரகரவென்று சத்தம், டார்ச் அடித்தால் முள்ளம்பன்றி. கை வியர்வையின் உப்புக்காக மரத் துடுப்பின் கைப்பிடியை உட்கார்ந்து கொறித்துக்கொண்டிருக்கிறது. கார்பன் பக்கத்திலேயே கிடந்தது, அதைச் சீண்டவே இல்லை. "அதுக்குக்கூட உங்க துடுப்பு பிடிக்கல பாருங்க" என்றாள் மனைவி. இந்த மே மாதம் தனக்கும் ஒன்று வேண்டும் என்று அவளே நாற்காலியில் உட்கார்ந்து அளந்துகொண்டாள், 48 அங்குலம்.